லோகநாயகி அண்ணி பறக்க ஒப்புக்கொண்ட சனிக்கிழமை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தாம்பரத்துக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு சின்ன விமானத் திடலுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் திடல் அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பறந்து முடித்துவிட்டுக் குடும்பத்தோடு புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். பழைய ஆள் ஒருவரைக் கூப்பிட்டு அனுபவம் கேட்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. மேடவாக்கத்தில் இருந்து வரும் நிவேதா என்ற பெண், மென்பொருள் வேலை பார்ப்பவர், தன் காரிலேயே பம்மலுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கே எல்லாம் டேப்லெட்டில்தான். விமானத்தைச் சோதித்ததும் திரையில் கட்டம் கட்டமாக விரலால் தொடுகிறார்கள், விரலாலேயே கையெழுத்தும் போடுகிறார்கள். முப்பத்தோரு வருடம் தடித்த அட்டை போட்ட லாக் புத்தகத்தில் பேனாவால் எழுதியவன் நான். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார், மெஷின் நல்லா இருந்தும் நீங்க அதைக் கீழேயே நிறுத்தி வெச்சது உண்டா?" என்று நிவேதா கேட்டார்.

"உண்டும்மா. ஒரே ஒரு தடவை" என்றேன்.

அதற்குள் சூடாக போண்டா வந்துவிட்டது. பேச்சு வேறு பக்கம் போனது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஐடிஐ முடித்தேன், ஒரு பட்டறையில் மூன்று வருடம் கை பழகினேன், விமான மெக்கானிக் உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினேன். அவ்வளவுதான் என் படிப்பின் கதை. பம்மலில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிட தூரத்தில் அப்போது ஒரு பறக்கும் கழகம் இருந்தது. ஒரே ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, மூன்று சின்ன விமானங்கள். அங்கே பராமரிப்பு மெக்கானிக்காகச் சேர்ந்தேன்.

கழகத்தை நடத்தியவர் கேப்டன் வரதராஜன். தலைமைப் பயிற்சியாளரும் அவரே. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கடைநிலை ஊழியரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். யாராவது முக்கியமாகப் பேச வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைப்பார். பிறகு அவர்கள் பேசி முடிக்கும்வரை அசையமாட்டார். தினமும் காலையில் லாக் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆறங்குல அளவுகோலை வைத்துப் படிப்பார். எழுத்து தெளிவில்லாமல் இருந்தால், "இது என்ன எண்?" என்று கேட்பார். பதில் சொன்னால், "எனக்குச் சொல்ல வேண்டாம், தெரியற மாதிரி எழுதுங்க" என்பார்.

சனிக்கிழமை மாலைதான் கழகத்தின் களை. உறுப்பினர்களில் வக்கீல்கள் உண்டு, பல் டாக்டர் உண்டு, கல்லூரிப் பேராசிரியை ஒருவர் உண்டு. நான்கு மணிக்கு ஓடுபாதையின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவோம். யார் அந்தக் கோட்டுக்கு மிக அருகே சக்கரத்தை வைக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். பிறகு புல்லில் வட்டமாக உட்கார்ந்து இருட்டும்வரை ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருப்பார்கள். மெக்கானிக்குகள் நாங்கள் கொட்டகைப் பக்கமே நின்று தேநீர் குடிப்போம். உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நாங்களாகப் போனதும் இல்லை.

அந்த வழக்கத்தை உடைத்தவர் ஏகாம்பரம் அண்ணா. பம்மலின் பழைய குடும்பம் அவருடையது. எங்கள் தெருவிலிருந்து நான்காவது தெருவில் வீடு. ஒரு காலத்தில் விவசாயம். நான் அறிந்தபோது மரக்கடையும் இரும்புக்கடையும் வைத்திருந்தார். அவர்கள் நிலத்தின் ஒரு பகுதி கழகத் திடலுக்குப் போயிருந்தது. "எங்க நெல்லு வெளைஞ்ச எடத்து மேலதான் நான் எறங்கிகினு கீறேன்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நாற்பது வயதில் பறக்கக் கற்றவர். வக்கீல்களின் ஆங்கிலத்துக்கு நடுவே கூசாமல் பம்மல் பேச்சு பேசுவார். ஒரு சனிக்கிழமை ஒரு கையில் நாற்காலியும் இன்னொரு கையில் என் தோளுமாக இழுத்துக்கொண்டு போய் வட்டத்துக்குள் என்னை உட்கார வைத்தார்.

"தணிகாசலம் முடுக்கின நட்டுலதான் நாம உசுரோட கீறோம். அவன் ஏன் அங்க நிக்கணும்?" என்றார்.

கேப்டன் தலையசைத்தார். அன்றிலிருந்து மெக்கானிக்குகள் நான்கு பேருக்கும் வட்டத்தில் நாற்காலி உண்டு. எனக்குள் இருந்த ஒரு கூச்சம் அந்த மாலையோடு போயிற்று. அந்த மனிதரைத்தான் நான் பிறகு வானத்திலிருந்து இறக்கினேன்.

அவருக்கு அறுபது நெருங்கிய சமயம் அது. ஒரு நாள் அவருக்கு இடது பக்கமாக நின்று தேநீரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. யாருடனோ பேசிக்கொண்டே கையை வீசினார், தேநீர் அவர் சட்டையில் கொட்டியது. "நீ எப்ப வந்த?" என்றார். நான் அரை நிமிடமாக அங்கேயே நின்றிருந்தேன்.

அடுத்த வாரம் அவர் இறங்கி விமானத்தைக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். எதிரே நின்று ஒருவர் கைச் சைகை காட்ட வேண்டும், இறக்கை நுனியருகே இன்னொருவர் நிற்க வேண்டும். நான் இடது இறக்கைப் பக்கம் நின்றேன். எரிபொருள் வண்டியை யாரோ கொஞ்சம் முன்னே தள்ளி விட்டிருந்தார்கள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்து 'நிறுத்து' என்று காட்டினேன். விமானம் நிற்கவில்லை. மறுபடி காட்டினேன், கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? கடைசியில் குனிந்துகொண்டேன். இறக்கை என் தலைக்கு மேலே, எரிபொருள் வண்டியை ஒரு சாண் தள்ளிக் கடந்தது. அவர் சிரித்தபடி இறங்கி வந்து, "நீ எங்க நின்ன? காணோமே" என்றார்.

மூன்றாவது வாரம், ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில், இன்னொரு விமானம் இறங்கி வந்துகொண்டிருக்கும்போதே அவர் மெல்ல முன்னே நகர்ந்தார். கேப்டன் வயர்லெஸ்ஸில் அண்ணாவின் பெயரைச் சொல்லி நிறுத்தினார். கவனப்பிசகு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் தேநீரும் எரிபொருள் வண்டியும் நினைவுக்கு வந்தன. நேரே இருப்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்து வருடாந்திரக் கண் சோதனையில் தேறிவிடுவார். பக்கவாட்டில் வருவதுதான் தெரியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் பறப்பது நின்றுவிடும். அவர் எனக்குச் செய்ததற்கு நான் செய்கிற பதில் அதுவா என்று மூன்று இரவு தூங்காமல் கிடந்தேன்.

நான்காவது சனிக்கிழமை அவர் மனைவி லோகநாயகி அண்ணி திடலுக்கு வந்தார். பதினெட்டு வருடமாக அண்ணா கெஞ்சியும் விமானத்தில் ஏற மறுத்தவர். திருநீர்மலைக் கோயில் படி ஏறினாலே தலை சுற்றுகிறது என்பார். அவர் அன்று வெங்காயச் சருகு நிறத்தில் பட்டுப்புடவை கட்டி, ஒரு தூக்கு நிறையக் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு வந்து வட்டத்தில் உட்கார்ந்தார். "அஞ்சு மணிக்கு நானும் எம் பொண்டாட்டியும் ஒரு ரவுண்டு" என்று அண்ணா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

மணி மூன்றரை. அவர்களுக்கு ஒதுக்கிய விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். அந்த எஞ்சினில் தீப்பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ உண்டு. ஒன்றை அணைத்தால் எஞ்சின் சுற்று கொஞ்சம் குறையும். நூறு வரை குறையலாம், அதற்கு மேல் குறைந்தால் பறக்கக்கூடாது. அன்று எழுபதுதான் குறைந்தது. நான் புத்தகத்தில் நூற்று முப்பது என்று எழுதி, 'பறக்கத் தகுதியில்லை' என்று கையெழுத்துப் போட்டேன். என் தொழிலில் நான் எழுதிய ஒரே பொய் அது.

பத்து நிமிடத்தில் கேப்டன் கூப்பிட்டார். மேஜையில் கடிகாரம் கவிழ்ந்து கிடந்தது. அளவுகோல் என் வரிக்குக் கீழே இருந்தது.

"காலையில இதே மெஷினை நான் ஓட்டினேன். அப்ப எழுபது. இப்ப நூத்தி முப்பதா?"

"ஆமா சார்."

அவர் எழுந்து விமானத்தை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். அவர் எஞ்சினைக் கிளப்பினார், பக்கத்து இருக்கையில் என்னை ஏறச் சொன்னார். எண்ணெய் சூடாகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். சுற்றை ஏற்றி, இடது மேக்னெட்டோவை அணைத்தார். முள் இறங்கி நின்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். எழுபது. வலதையும் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார். முன்னால் சுழன்ற விசிறி ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க தணிகாசலம்."

சொன்னேன். தேநீரிலிருந்து ஓடுபாதைவரை எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தேதி, நான் எங்கே நின்றேன், வேறு யார் பார்த்தார்கள் என்று மட்டும் இடையில் கேட்டார்.

"மனுஷனைப் பத்திச் சொல்லணும்னா மனுஷனைப் பத்தி எங்கிட்ட சொல்லணும். மெஷின் பேர்ல எழுதக்கூடாது. இன்னிக்கு இதை விட்டுட்டா, நாளைக்கு நீங்க எழுதற நிஜத்தையும் நான் நம்ப முடியாது."

அறைக்குத் திரும்பியதும் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். அடித்த எழுத்து படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் விதி. ஒற்றைக் கோடு போட்டு, அதன் மேல் 'தவறான பதிவு' என்று எழுதி, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். அதை இன்னமும் வைத்திருக்கிறேன்.

பிறகு ஏகாம்பரம் அண்ணாவை உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே போகப் பார்த்தேன். இருக்கச் சொல்லிக் கை காட்டினார். அண்ணா சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கேப்டன் நாற்காலியை அவருக்கு நேர் எதிரே, முழங்கால் படுகிற தூரத்தில் இழுத்துப் போட்டார்.

"ஏகாம்பரம் சார், என் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பார்க்காதீங்க."

"இன்னா கேப்டன், புது வெளையாட்டா?"

"விரல் ஆடறது தெரிஞ்சா சொல்லுங்க."

கேப்டன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்து விரல்களை ஆட்டினார். சுவரோரம் நின்ற எனக்குக்கூட அந்த ஆட்டம் தெரிந்தது. அண்ணா மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் கைகளைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தார். இன்னும் கொஞ்சம். முகத்துக்குப் பக்கம்வரை வந்தாயிற்று.

"ஆட்டுங்க கேப்டன், பாத்துகினுதானே கீறேன்" என்றார் அண்ணா.

கேப்டன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நான் பார்த்தேன். கேப்டன் மெதுவாகச் சொன்னார், கண் டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை தனியாகப் பறக்க வேண்டாம் என்று.

"யாரு சொன்னது ஒங்களுக்கு?"

கேப்டன் என் பக்கம் திரும்பவே இல்லை. என் பெயரை அவர் சொல்லியும் இருக்கமாட்டார்.

"நான்தாண்ணா" என்றேன். கழகத்துக்குள் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். அன்று வாயில் அது வரவில்லை.

என்னைப் பார்க்க அவர் தலையை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது. பார்த்தார். எழுந்து வெளியே போனார். கதவு திறந்தே இருந்ததால் அவர் அண்ணியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மெஷின்ல இன்னாவோ கோளாறாம் லோகா. இன்னொரு நாள் போலாம்."

கண் அழுத்த நோய் என்றார் டாக்டர். இரண்டு கண்ணிலும் பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், அவ்வளவுதான். அண்ணா அதன் பிறகு திடல் பக்கம் வரவில்லை. அவருடைய நாற்காலியை யாரும் எடுக்கவுமில்லை, அதில் உட்காரவுமில்லை. கடைத்தெருவில் இரண்டு மூன்று முறை என்னைக் கடந்து போனார். நான் நின்றேன், அவர் நிற்கவில்லை. கோபமா, நான் பக்கவாட்டில் நின்றதால் தெரியவே இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். தைரியம் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லோகநாயகி அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேராகக் கேட்டார்.

"தம்பி, அன்னிக்கு மெஷின்ல கோளாறுன்னாரு. நெசமா?"

"இல்ல அண்ணி. மெஷின் நல்லாதான் இருந்துச்சு. அண்ணாவுக்குப் பக்கத்துல வர்றது தெரியலைன்னு நான்தான் கேப்டன்கிட்ட சொன்னேன்."

அவர் தலையாட்டினார். "எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா வூட்ல கதவு, கட்டில், ஒண்ணு பாக்கியில்லாம இடிச்சுகினு கீறாரு. நான் யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா ஏரோப்ளேனைப் புடுங்கிக்குவாங்க. அது இல்லாம அவரு இன்னா பண்ணுவாரு?"

"தெரிஞ்சுமா அன்னிக்கு ஏற வந்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் வந்தேன்" என்றார் அண்ணி. "பக்கத்துல ஒருத்தி ஒக்காந்துகினு, இந்தப் பக்கம் ஒண்ணு வருது, அந்தப் பக்கம் ஒண்ணு வருதுன்னு சொன்னா ஓட்டிடமாட்டாரா? வாரா வாரம் கூடப் போலாம்னு இருந்தேன்."

படி ஏறினாலே தலை சுற்றும் என்று சொன்ன பெண். அண்ணி காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"சனிக்கெழமையானா மொட்டை மாடிக்குப் போயி நிக்கிறாரு. சத்தம் எந்தப் பக்கம் கேக்குதோ அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்புறாரு. என்னால பாக்க முடியலை. நீ வந்து இட்டுனு போ. நீ கூப்பிட்டா வருவாரு."

"எங்கூடவா? எம் மேல கோவம் இருக்காதா?"

"கீது. அதனால இன்னா?"

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, "அண்ணா, தணிகாசலம் வந்திருக்கேன்" என்று உரக்கக் கூப்பிட்டேன். வாசலிலேயே காத்து நின்றேன். பிறகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "ஆட்டோ சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். மூன்று பேரும் போனோம்.

கேப்டன் வாசலுக்கே வந்து கை கொடுத்தார். அண்ணா அவரிடம் சொன்னார்: "லோகாவை ஒரு ரவுண்டு இட்டுனு போங்க கேப்டன். பதினெட்டு வருசமா நான் குடுத்த வார்த்தை."

அண்ணி வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். அண்ணா விடவில்லை. இருக்கை பெல்ட்டை நான் மாட்டிவிட்டேன்.

விமானம் எழும்பியதும் அண்ணா ஓடுபாதையின் ஓரத்துக்கு நடந்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். உதறிவிடுவார் என்று நினைத்தேன். உதறவில்லை. அண்ணாந்து பார்த்துத் தலையை அங்கும் இங்கும் திருப்பினார். அவ்வளவு பெரிய வானத்தில் ஒரு சின்ன விமானத்தை அவரால் பிடிக்க முடியவில்லை.

"எங்க கீறா?" என்றார்.

"இப்ப இடது பக்கம் திரும்பறாங்கண்ணா. பம்மல் மேல போறாங்க."

"நம்ம வூட்டைத் தாண்டிட்டாளா?"

"தாண்டிட்டாங்க. திருநீர்மலைப் பக்கம் போறாங்க. மலையைச் சுத்தி வராங்க. இப்ப ஏரிக்கு மேல இருக்காங்க, இறக்கையில வெயில் பளபளக்குது."

"எறக்கை சாயுதா?"

"கொஞ்சம்தான். கேப்டன் மெதுவாத்தான் திருப்பறாரு."

"மெதுவாதான் திருப்பணும். அவ பயந்துக்குவா."

இறங்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். சக்கரம் தரையைத் தொட்ட சத்தம் கேட்டதும்தான் அவர் மூச்சு விட்டார். அதற்குப் பிறகு அந்தச் சம்பவத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். மாதம் ஒரு முறை கேப்டன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பறப்பார், நடுவானில் கொஞ்ச நேரம் கைப்பிடியை அவரிடம் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் ஓடுபாதை ஓரத்தில் என்னோடு நிற்பார். மேலே போவது யார், எங்கே திரும்புகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும். ஏழு வருடம் சொன்னேன். பிறகு அவர் காலமானார். அதற்கடுத்த சில வருடங்களில் திடலும் மூடப்பட்டது. நான் இன்னொரு பட்டறைக்குப் போய் அங்கிருந்து ஓய்வு பெற்றேன். எத்தனையோ எஞ்சின்களைப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். மறுபடி செய்யக் கிடைக்குமா என்று மனம் ஏங்குவது அவர் பக்கத்தில் நின்று வானத்தைச் சொல்லும் அந்த வேலைக்குத்தான்.

நிவேதா என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதும், வீட்டுக்குள் போகாமல் நேராக நான்காவது தெருவுக்குப் போனேன். லோகநாயகி அண்ணிக்கு இப்போது எண்பதுக்கு மேல். வாசல் கிரில்லுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னத் திடலைப் பற்றியும், புல்வெளியில் நாற்காலி போட்டுப் பேசியதைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். யார் யார் வந்தார்கள், என்ன பலகாரம், பெண்களும் ஓட்டுகிறார்களா என்றெல்லாம் விசாரித்தார்.

"அடுத்த மாசம் வரீங்களா அண்ணி? அந்தப் பொண்ணே கார்ல கூட்டிட்டுப் போகும். மேலயும் ஒரு ரவுண்டு போலாம். கேப்டன்கூடப் போனீங்களே, அப்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க."

"நல்லாதான் இருந்துச்சு தம்பி" என்றார் அண்ணி. "ஆனா ஓட்டினது அவரு இல்லையே."